மணிக்கட்டோடு மறைந்த கை

மரக்காணத்திலிருந்து உப்பு ஏற்றி வந்த லாரி, இத்தனை நீள திண்டிவனம் ரோட்டில் சரியாக அன்புச்செல்வியின் மீன்குட்டைக் கரையிலேயா கவிழ வேண்டும்? டிரைவர் சிராய்ப்போடு தப்பினான், லாரியையும் தூக்கிக்கொண்டு போனார்கள். கரையில் கொட்டிய உப்பை மட்டும் யாரும் சீந்தவில்லை.

வேர்க்கடலை போட்ட நிலத்தைத் தோண்டி மீன்குஞ்சு வளர்க்கலாம் என்று புருஷன் பூவரசனை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தவளே அன்புச்செல்விதான். "குஞ்சு பொழைக்கலன்னா குட்டைய தூத்துட்டு மறுபடியும் மல்லாட்டைதான்" என்று அவன் கறாராகச் சொல்லியிருந்தான். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது; மழை பெய்தால் உப்பு அத்தனையும் குட்டைக்குள்தான் இறங்கும்.

அன்று வெள்ளிக்கிழமை. விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் கருவாடு விற்கிற லூர்துமேரி கோணிப்பைகளோடு வந்து நின்றாள்.

"செல்வி, அந்த உப்ப வாரிக்கினு போவட்டுமா? கருவாட்டுக்கு ஆவும்."

சரி என்றுதான் வாயில் வந்தது. ஆனால் விளக்கு வைத்த பிறகு உப்பைக் கொடுத்தால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்ற பயம், பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த பயம், நாக்கைப் பிடித்து இழுத்தது.

"காலைல வாங்கக்கா. இன்னிக்கு வெள்ளிக்கெழம பாருங்க."

ராத்திரி பேய்மழை. காலையில் உப்பில் பாதி குட்டைக்குள் இறங்கியிருந்தது. மிச்சம் சேறாகிக் கிடந்ததால் லூர்துமேரி வெறுங்கையோடு திரும்பினாள்.

ஆனால் குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் முன்னைவிடப் பச்சையாகிக்கொண்டே வந்தது. குட்டைக்காரர்களுக்குப் பச்சைத் தண்ணீர்தான் நல்ல தண்ணீர். கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டால் உள்ளங்கை மறைய வேண்டும், அதுதான் கணக்கு. மறைந்தது. "பாத்தீங்களா, ஒண்ணும் ஆவல" என்று புருஷனிடம் பீற்றிக்கொண்டாள். உள்ளுக்குள் மட்டும் ஓர் உறுத்தல். உப்பு குடித்த தண்ணீர் எதற்காக இப்படிச் செழிக்கிறது?

அடுத்த வெள்ளிக்கிழமை விடியலில் கையை விட்டாள். மணிக்கட்டு நனைவதற்குள் உள்ளங்கை மறைந்துவிட்டது. குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்து தவித்தன. சில வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் பிடித்தாள். எப்போதும் தூசு போலத் துள்ளுகிற பூச்சிகளில் ஒன்றுகூட இல்லை. பாசியைத் தின்று அளவோடு வைத்திருந்தவை அவைதான். உப்பு முதலில் அவற்றைக் கொன்றிருக்கிறது. தின்ன ஆளில்லாத பாசி மண்டிப்போய், குஞ்சுகளுக்கு வேண்டிய காற்றை இரவோடு இரவாகக் குடித்துவிட்டது.

"இன்னாங்க! மோட்டார போடுங்க, ஜல்தி!"

போர்வெல் தண்ணீர் விழுந்த இடத்தில் ஒண்டிக்கொண்டு பாதிக் குஞ்சுகள் பிழைத்தன. மீதியைப் பூவரசன் வலையால் அள்ளிக் கரையில் போட்டான். பிறகு மோட்டாரை அணைக்காமல் ஓடவிட்டுப் போனான்.

சாயங்காலம் மறுபடியும் மேகம் திரண்டது. அவள் லூர்துமேரிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, கரையில மிச்சம் கெடக்குற உப்ப வாரிக்கினு போயிடுங்க. கருவாட்டுக்கு ஆவலன்னா தென்னைக்காவது போடுங்க."

"இன்னிக்கு வெள்ளிக்கெழம ஆச்சே செல்வி. வெளக்கு வச்சிருப்பியே?"

"வச்சிட்டேன்க்கா. மழ வர்றதுக்குள்ள வாங்க."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு, மண்வெட்டியை எடுத்து முதல் கோணியை அவளே நிரப்ப ஆரம்பித்தாள்.