மேடையில் சொன்ன உறவு

வேல்முருகன் எப்போதும் சொல்வது ஒன்றுதான். "தேர்தல் முடியட்டும் கோகிலா, அப்பாகிட்டப் பேசிடறேன்."

முதலில் வந்தது உள்ளாட்சித் தேர்தல். அவனுடைய அப்பா அப்பாசாமியே ஒன்றியக் கவுன்சிலருக்கு நின்றார். அந்த நேரத்தில் வீட்டில் காதல் பேச்சை எடுக்க முடியுமா? அடுத்து சட்டமன்றம். கொல்லிமலை அடங்கிய தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. "நம்ம ஆளுக்கு சீட்டே இல்லாத தேர்தலுக்கு நாமதான் நாயா அலையணும்" என்று அப்பாசாமி எரிந்து விழுந்துகொண்டிருந்தார். அவரிடம் போய் மலைப்பெண்ணைக் கட்டப்போகிறேன் என்று எப்படிச் சொல்வது? இப்போது நாடாளுமன்றம். ராசிபுரம் என்ற பெயரில் தனித்தொகுதியாக இருந்தது, நாமக்கல் என்று மாறியபோது பொதுத்தொகுதி ஆனது. அப்பாசாமியின் சாதியில் எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது. இந்த முறை அவருடைய சொந்தக்காரருக்கே சீட்டு.

மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் கோகிலா கணக்கு எழுதும் மிளகு மண்டியின் முதலாளி பக்ருதீனுக்கு இந்தக் கதை முழுதும் தெரியும். "ஏம்மா, உன் கல்யாணத்துக்குத் தேர்தல் கமிஷன்தான் தேதி வைக்கணும் போல" என்பார். சிரிப்பும் வரும், அழுகையும் வரும் அவளுக்கு.

பங்குனிக் கடைசியில் அப்பாசாமி ஓட்டுக் கேட்டு மலைமேல் கோகிலாவின் ஊர் இருக்கும் வளப்பூர் நாட்டுக்கு வந்தார். கோயில் முன்னால் மைக்கைப் பிடித்தார். "மேல இருக்கறதும் கவுண்டருங்க, கீழ இருக்கறதும் கவுண்டருங்க. நமக்குள்ள என்னங்க வித்தியாசம்? இன்னியிலிருந்து நாம சம்பந்திங்க!" என்று சொல்லி, இறங்கி வந்து, ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் காளியண்ணன் கையில் வெற்றிலை பாக்கை வைத்து அழுத்தினார். கூட்டம் கைதட்டியது.

காளியண்ணன் கோகிலாவின் அப்பா. மகளின் விருப்பம் அவருக்குத் தெரியும். அந்த ஊர் வழக்கத்தில், பெண் கேட்பவர்கள் "பெண் கொடு" என்று வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கோயில் முன்னால் நின்று, சம்பந்தி என்று அழைத்து, வெற்றிலையைக் கையில் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டால் சம்மதம். காளியண்ணன் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் மண்டியிலிருந்து திரும்பிய கோகிலா கேட்டுத் திகைத்தாள். "அப்பா, அவரு ஓட்டுக்காகச் சொன்னதுங்க."

"கோயிலுக்கு முன்னால நின்னு ஒரு மனுசன் பொய் சொல்லுவானா கண்ணு? பையன் ஊட்டுல சொல்லியிருப்பான்."

வேல்முருகனுக்குப் போன் அடித்தாள். பிரச்சாரத்தில் இருந்தான், எடுக்கவில்லை. ஒருவேளை சொல்லித்தான் இருப்பானோ? அப்படியே இருக்கட்டும் என்று அவள் மனசும் ஏங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பினார்கள். கோகிலாவின் அம்மா பெருமாயி, திரும்பி வருகிறவர்களுக்குச் சமைக்க வீட்டில் தங்கிவிட்டாள். காளியண்ணனும் கோகிலாவும் பங்காளிகள் சிலரும், பலாப்பழமும் ஒரு பை மிளகுமாக பஸ் ஏறினார்கள்.

அப்பாசாமி வீட்டு வாசல் நிறையக் கட்சிக்காரர்கள். "வாங்க, வாங்க சம்பந்தி!" என்று அவர் கைகூப்பினார். "எல்லா ஓட்டும் நமக்குத்தானுங்களே?"

"அதெல்லாம் ஊர்ல சொல்லியாச்சுங்க" என்றார் காளியண்ணன். "ஊடு பாக்க வந்தோமுங்க."

"எந்த ஊடுங்க?"

"எம்புள்ள வாழப்போற ஊடு."

யாரோ சிரித்தார்கள். அப்பாசாமிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. கட்சிக்காரர்களோடு நின்ற மகனைப் பார்த்தார், கோகிலாவைப் பார்த்தார். கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் காளியண்ணனின் தோளில் கைபோட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"ஏனுங்க, அது மேடைப் பேச்சுங்க. பொண்ணு குடுக்கறது எடுக்கறதெல்லாம் அவங்கவங்க வழக்கப்படிதானுங்களே? உங்களுக்குத் தெரியாததா? இதை மனசுல வெச்சுக்கிட்டு ஓட்டுல காட்டிறாதீங்க சாமி."

எல்லாரும் வேல்முருகனைப் பார்த்தார்கள். அவன் கழுத்துத் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"தேர்தல் முடியட்டுங்க மாமா."

"எந்தத் தேர்தலுங்க?" என்று கேட்டாள் கோகிலா.

"காப்பி கொண்டாங்கம்மா" என்று அப்பாசாமி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். காளியண்ணன் பலாப்பழத்தை வாசலிலேயே வைத்துவிட்டு நடந்தார்.

பஸ் நிறுத்தத்தில் கோகிலாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஊர்ல போய்ச் சொல்லுங்கப்பா, ஒரு ஓட்டுகூட அவங்களுக்குக் கிடையாதுன்னு."

"எப்படிக் கண்ணு? வெத்தலை வாங்கிட்டேனே."

"அவரு பேச்சு காத்துல போகும், உங்க பேச்சு மட்டும் நிக்கணுமா?"

"மாத்திப் போட்டா மட்டும் என்னாவும்? அந்தப் பக்கம் நிக்கறவனும் அப்பாசாமிக்குப் பங்காளிதான்." அவர் காறித் துப்பினார். "யாரு செயிச்சாலும் நாம மலைக்காரங்கதான்."

பஸ் வந்தது. காளியண்ணனும் பங்காளிகளும் ஏறினார்கள். அப்போதுதான் கட்சிக்கொடி படபடக்க பைக்கில் வந்து நின்றான் வேல்முருகன். கண் சிவந்திருந்தது. அவனைக் கண்டதும் கோகிலாவின் கோபம் ஒரு கணம் தடுமாறியது. நல்லவன்தான். அவள் காய்ச்சலில் படுத்தபோது மழையில் மலையேறி வந்தவன்.

"கோகிலா, ரிசல்ட் வந்த அன்னிக்கே..."

"இந்த பஸ்ல ஏறுங்க. எங்கம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. அது போதும், மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

அவன் பைக்கை விட்டு இறங்கினான். உள்ளே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த காளியண்ணன், தன் பக்கத்து இருக்கையில் அவசரமாகத் துண்டைப் போட்டார். அவன் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான்.

"வேட்பாளர் வண்டி வந்துடுச்சாம். பத்தே நிமிஷம் கோகிலா. அடுத்த பஸ்ல நிச்சயமா..."

கண்டக்டர் விசில் ஊதினார். அவள் ஏறினாள். பஸ் நகர்ந்தது. பின்னால் வேல்முருகன் போனைக் காதில் வைத்தபடி கையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

சந்தைக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்ற ஒரு பெண், துண்டு போட்ட இருக்கையைப் பார்த்துத் தயங்கினாள். "யாராச்சும் வாராங்களா கண்ணு?"

கோகிலா துண்டை எடுத்து அப்பாவின் மடியில் வைத்தாள்.

"இல்லீங்க. உக்காருங்க."