நார்மலுக்கு அர்த்தம் வாங்கிய நாள்

எங்கள் ஊரில் ரத்தப் பரிசோதனை முடிவில் 'நார்மல்' என்ற சொல்லை மட்டும்தான் எழுதித் தருவார்கள். அதற்கான அர்த்தத்தை நாம்தான் கடையில் போய் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பூங்கோதைக்கு வியாழக்கிழமை முடிவு வந்தது. பூங்கோதை என் மனைவி. மூன்று வாரமாக அவள் அடுப்பருகே நின்றால் பால் பொங்குவதில்லை. முக்கால் மணி நேரம் வைத்தாலும் மேலே ஆடை கட்டுகிறதே தவிரப் பொங்குவதில்லை. அவள் கூடத்துக்கு வந்தால் உடனே பொங்கிவிடுகிறது. முதலில் பால்காரரைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் அடுப்பை. அப்புறம் சிலிண்டரை. கடைசியாகத்தான் அவள் கையைத் தொட்டுப் பார்த்தேன். மண்பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது.

நான் டவுன்பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். பத்தொன்பது வருடமாக இதே வேலை. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஜன்னலோரம் தூங்குகிறவர் உண்மையிலேயே தூங்குகிறார் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை.

டாக்டர் முடிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"குளிர் முழங்கை வரைக்கும் வந்துருச்சு. நெஞ்சுக்குப் போறதுக்குள்ள சரியான அர்த்தம் வாங்கிப் போட்டுடுங்க."

"எது சரியான அர்த்தம்?"

"நோயில்லைங்கறது. வேற எதை வாங்கினாலும் நான் பொறுப்பில்ல."

"நெஞ்சுக்கு எப்ப போகும் டாக்டர்?"

"நாளைக்கு லீவு. சனிக்கிழமை போகும்."

எந்த அர்த்தம் கிடைக்கிறதோ அதன்படிதான் உடம்பு நடக்கும். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். போன மாதம் மாடி வீட்டு வரதராஜனுக்கும் 'நார்மல்' என்றுதான் வந்தது. நெஞ்செரிச்சலுக்குப் பார்த்தது. கடையில் அவருக்குக் கிடைத்த அர்த்தம், தண்ணீர் பாட்டில் வாங்கும்போது சொல்வோமே, அந்த நார்மல். கூலிங் இல்லாதது. இப்போது அவர் பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் ப்ரிட்ஜுக்கு வெளியே மேல்தட்டில் உட்கார்ந்திருக்கிறார். நெஞ்செரிச்சல் இல்லையாம். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே நான் அர்த்தக் கடைக்குப் போய்விட்டேன். அது நீளமான தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கிறது. ஒரு காலத்தில் வாசலில் நின்றால் கவுன்ட்டர் தெரியும் என்பார்கள். இப்போது தெரியாது. தாழ்வாரம் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போகிறது.

சுவரில் கரும்பலகை. இருப்பு விவரத்தைச் சாக்பீஸில் எழுதியிருந்தார்கள். நார்மல், ஏசி இல்லாதது: இருநூற்றுப் பன்னிரண்டு. நார்மல், கத்தி வைக்காத பிரசவம்: பதினான்கு. நார்மல், புத்தி கலங்காதவர்: மூன்று. நார்மல், எப்போதும்போல: நிறைய. நார்மல், நோயில்லை: இரண்டு. அந்த 'இரண்டு' மட்டும் வேறு கையெழுத்தில் இருந்தது. அதைக் குறித்துக்கொண்டேன்.

வரிசையில் ஆட்கள் இல்லை. பைகள் இருந்தன. நாற்பது பைகள் இருக்கும். நடுவே இரண்டு ஜோடிச் செருப்பு, ஒரு மடித்த சாக்கு, ஒரு செங்கல். ஒவ்வொன்றிலும் குடும்ப அட்டையும், எந்த அர்த்தம் வேண்டும் என்று எழுதிய சீட்டும் செருகியிருந்தது. செங்கலில் ரப்பர் பேண்டு போட்டு மாட்டியிருந்தார்கள். உரிமையாளர்கள் எதிர் டீக்கடையில் இருந்தார்கள்.

எல்லாப் பைகளுக்கும் கடைசியில் ஒரே ஒருவர் மட்டும் சொந்தக் காலில் நின்றார். பார்த்ததுமே எனக்கு மனசில் தட்டியது. எல்லாரும் பையை வைத்திருக்கும் இடத்தில் ஆள் எதற்கு நிற்கிறார்? எங்கள் மஞ்சள் பையை அவருக்குப் பின்னால் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே நானும் நின்றேன்.

"நீங்க ஏன் நிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"என் பை வீட்ல இருக்கு."

"வீட்ல பை என்ன பண்ணுது?"

"எனக்குப் பதிலா இருக்கு. எல்லாருக்கும் பழகிப் போச்சு."

அவர் பெயர் திரவியம். மர அறுவை மில்லில் வேலையாம். மூச்சு வாங்குகிறது என்று பரிசோதனை செய்ததில் அவருக்கும் 'நார்மல்' வந்திருந்தது. பேசும்போதே நடு நடுவே உதட்டை அசைத்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றீங்க?"

"பாடம் பண்றேன். நல்லா இல்ல. நல்லா இல்ல. நல்லா இல்ல."

"எதுக்கு?"

"கவுன்ட்டர்ல சற்குணம்மா இருக்காங்க. ஒரே கேள்விதான் கேப்பாங்க. நல்லா இருக்கீங்களான்னு. நல்லா இருக்கேன்னு சொல்லிட்டோம்னா நோயில்லைங்கற அர்த்தம் தர மாட்டாங்க. நல்லா இருக்கறவங்களுக்கு அது எதுக்குன்னுவாங்க."

"இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

திரவியம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாலு மாசமா வரேன் சார். வாய் வரல. யாராச்சும் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டா, தாழ்வாரம் வேற ரெண்டடி நீண்டுருது. அதனாலதான் ஜனங்க பையை வைக்கிறாங்க. பை எதுவும் சொல்லாது."

இது எனக்கு நம்பும்படியாக இல்லை. அதேசமயம் என் பைக்கு முன்னால், அதில் இருந்த அதே துணிக்கடையின் பெயர் போட்ட மஞ்சள் பைகள் ஏழு இருந்தன. எல்லாம் ஒரே மாதிரி சுருங்கியிருந்தன. யாராவது ஒருவர் கண் சிமிட்டும் நேரத்தில் சீட்டை மாற்றிச் செருகிவிடலாம். பஸ்ஸில் ஒரே டிக்கெட்டை நாலு பேர் கைமாற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். பூங்கோதையின் நெஞ்சை ஒரு பையை நம்பி விட எனக்கு மனம் வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. போனை எடுத்து அவளை நேரில் வரச் சொன்னேன்.

"பையே வரிசையில போகட்டும் சார், விடுங்க" என்றார் திரவியம்.

இவருக்கு இதில் என்ன லாபம் என்று யோசித்தேன்.

பூங்கோதை வந்தாள். கைகளை முந்தானைக்குள் வைத்திருந்தாள். குளிர் தோளுக்கு வந்துவிட்டது என்று அவள் சொல்லவில்லை. ஜாக்கெட் தோளில் பனி படிந்திருந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அட்டையையும் சீட்டையும் எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, பையை மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டேன். அது இருந்த இடத்தில் அவளை நிறுத்தினேன்.

"கேட்டா நல்லா இல்லைன்னு சொல்லணும்" என்றேன்.

"யார்கிட்ட?"

"கவுன்ட்டர்ல."

"அவங்க தப்பா நினைச்சுக்க மாட்டாங்களா?"

"சொல்லிப் பாரு."

"நல்லா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். சிரித்தாள். "கூச்சமா இருக்குங்க."

வரிசை நகர ஆரம்பித்தது. நாங்கள் நடந்தோம். பைகள் எப்படி நகர்கின்றன என்பதைக் கவனிக்கவேண்டும் என்று இருந்தேன். ஒவ்வொரு முறையும் தும்மல் வந்து கண்ணை மூடித் திறப்பதற்குள் நகர்ந்துவிட்டன. ரயில்வே கேட்டில் ஒரு கூட்ஸ் வண்டிக்காகக் கால் மணி நேரம் நின்றோம். கேட்டுக்கு அந்தப்புறம் தாழ்வாரத்தில் டியூப்லைட் போட்டிருந்தார்கள்.

கவுன்ட்டர் தெரிந்தது. சற்குணம்மா ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். கண்ணாடி. மிகவும் அன்பான முகம். அந்த அன்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு பையையும் இரண்டு கையாலும் தூக்கி மேஜைமேல் உட்காரவைத்து, "வாங்க, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். பை பேசாமல் இருந்தது. ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பாவம்" என்று சொல்லிச் சீட்டில் இருந்ததைக் கட்டிக் கொடுத்தார். முதல் 'நோயில்லை' செங்கலுக்குப் போனது. டீக்கடையிலிருந்து ஒருவர் ஓடிவந்து செங்கலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். நானும் கொஞ்சம் கலங்கிவிட்டேன். இன்னும் ஒன்றுதான் இருந்தது.

திரவியத்தின் முறை வந்தது. பெருவிரலைக் கைரேகை மெஷினில் வைத்தார். விழவில்லை. தலையில் தேய்த்துவிட்டு வைத்தார். விழுந்தது.

"திரவியம், வாங்க வாங்க. நல்லா இருக்கீங்களா?"

திரவியத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. நான் மனதுக்குள் அவருக்காகச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அவர் தோற்றால்தான் எங்களுக்குக் கிடைக்கும் என்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டேன்.

"ஏதோ இருக்கேம்மா, உங்க புண்ணியத்துல" என்றார்.

தாழ்வாரம் இரண்டடி நீண்டது. சற்குணம்மா நோட்டில் எழுதிக்கொண்டு, ஏசி இல்லாததை எடுத்து அவரிடம் கொடுத்தார். திரவியம் அதை வாங்கினார். உடனே அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். காற்று அவர் வழியாகச் சத்தம் போட்டுக்கொண்டு வந்தது.

இப்போது பூங்கோதை. மெஷின் அவள் விரலை மூன்று தடவை மறுத்தது. நான்காவது தடவை அதன் கண்ணாடியில் பனி படர்ந்து, துடைத்த பிறகு எடுத்துக்கொண்டது. குளிர் காறை எலும்பைத் தாண்டியிருந்தது. அவள் மூச்சு டியூப்லைட் வெளிச்சத்தில் புகையாகத் தெரிந்தது.

"வாம்மா பூங்கோதை. நல்லா இருக்கியா?"

பூங்கோதை என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இல்லக்கா" என்றாள்.

தாழ்வாரம் அசையவில்லை. பின்னால் இருந்த பைகள் எல்லாம் ஒரு மாதிரி அமைதியாகிவிட்டன. சற்குணம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எப்பலேருந்து?"

"கல்யாணமாகி மூணாவது வருஷத்துலேருந்து லேசா இருக்கு. இப்பத்தான் பால்ல தெரியுது."

மூன்றாவது வருடம் என்ன நடந்தது என்று யோசித்தேன். யாரையெல்லாமோ சந்தேகப்பட்டுப் பார்த்தேன். அந்த வருடம்தான் எனக்குப் பரிசோதகராக ப்ரமோஷன் வந்தது. வேறு எதுவும் நடந்ததாக நினைவில்லை.

"யார்கிட்டயும் சொல்லலையாம்மா?"

"யாரும் கேக்கலக்கா."

சற்குணம்மா எழுந்தார். பின்னால் இருந்த அலமாரியைத் திறந்தார். கடைசி 'நோயில்லை' அங்கே இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். உள்ளங்கையளவு பொட்டலம், மெல்லிய சூடு வந்துகொண்டிருந்தது. அதை எடுத்து மேஜைமேல் வைத்து, நூலைச் சுற்ற ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருடத்தில் பூங்கோதையைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. நூலின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டே சற்குணம்மா என் பக்கம் திரும்பினார்.

"சார் எப்படி இருக்கீங்க? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"எல்லாரும் நல்லா இருக்கோம்மா" என்றேன்.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. பத்தொன்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை.

தாழ்வாரம் இரண்டடி நீண்டது. சற்குணம்மா நூலை அவிழ்த்தார். நோட்டை எடுத்து எழுதினார்.

"ஒரே அட்டைக்கு ரெண்டு பதில் வந்தா, கடைசியா சொன்னதுதான் செல்லும் சார்."

"அம்மா, பழக்கத்துல வந்துருச்சு."

"எல்லாரும் பழக்கத்துலதான் சொல்றாங்க. அதைத்தான் நாங்க பதிவு பண்றோம்."

"அவ நெஞ்சுக்கு வந்துருச்சும்மா. தொட்டுப் பாருங்க."

"நீங்க தொட்டுப் பாத்துத்தானே சார் சொல்லியிருப்பீங்க?"

கையிடுக்கில் இருந்த மஞ்சள் பையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அதைக் கேளுங்கள், அதற்குத் தெரியும் என்றேன். சற்குணம்மா பையைத் தடவிக் கொடுத்தார். அதில் அட்டை இல்லை, சீட்டும் இல்லை, வெறும் பை என்றார். கடைசி 'நோயில்லை' எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்த இன்னொரு மடித்த சாக்குக்குப் போனது.

எங்களுக்கு 'எப்போதும்போல' கொடுத்தார்கள். அதற்குப் பொட்டலம் கூடக் கட்டுவதில்லை. கையிலேயே அள்ளிப் போடுகிறார்கள். அது கிடைத்தால் இதுவரை எப்படிப் போய்க்கொண்டிருந்ததோ அப்படியே போகும். பூங்கோதை இரண்டு கையையும் குவித்து வாங்கிக்கொண்டாள். நான் அவள் தோளைத் தொட்டேன். என் விரல் ஒட்டிக்கொண்டது. மெதுவாகத்தான் எடுக்க முடிந்தது.

"தப்புப் பண்ணிட்டேன் பூங்கோதை."

"விடுங்க" என்றாள். "எப்பவும் போலத்தானே."

அவள் உதடு நீலமாக இருந்தது. சொற்கள் ஒவ்வொன்றும் வெளியே வந்து சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் கேட்டன. கிளம்பும்போது சற்குணம்மாவுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. அடுத்த பையைத் தூக்கியபடியே கேட்டார்.

"சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டேன்க்கா" என்றாள் பூங்கோதை.

அவள் காலையில் சாப்பிட்டாளா என்று யோசித்தேன். நேற்று ராத்திரியை யோசித்தேன். புதன்கிழமையை யோசித்தேன். நான் சாப்பிட்டது மட்டும்தான் நினைவுக்கு வந்தது. மூன்று இட்லி, சட்னி.