கேட்டு வந்தவர்

வருகைப் பதிவின்போது தம் பெயரை ஒருவர் வாய்விட்டு அழைப்பதைக் கேட்பதற்காகவே விநாயகமூர்த்தி சனிக்கிழமைதோறும் வளர்ந்தோருக்கான வரலாற்று வகுப்புக்குச் சென்றுவந்தார்.

அன்றைய பாடம், அமெரிக்கக் குடியேற்றவாசிகள் பிரித்தானிய ஆட்சிமீது கொண்டிருந்த மனக்குறைகள். தேயிலை வரி, முத்திரை வரி, நாடாளுமன்றத்தில் பிரதிநிதியின்மை, சம்மதமின்றிப் படையினரை மக்களிடையே தங்கவைத்தமை என்று ஆசிரியை கரும்பலகையில் எழுதினார். எது பெரிய குறை என வினவினார். வரி என்றனர் அனைவரும். விநாயகமூர்த்தி மட்டும் இறுதியாக எழுதப்பட்டதைச் சுட்டினார்.

"யாழ்ப்பாணத்தில் என் வீட்டிலும் படையினர் தங்கியிருந்தனர்" என்றார் தம் தயங்கிய ஆங்கிலத்தில்.

"துன்புறுத்தினார்களா?"

"இல்லை. ஒருவன் என் மனைவியின் ரோசாச் செடிகளுக்குத் தண்ணீர்கூட ஊற்றினான். ஆனால் எங்களை ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் கிணற்றில் அள்ளுவதற்கு நாங்கள்தாம் அவர்களைக் கேட்டோம்."

ஆசிரியை அந்த வரியின் கீழ் ஒரு கோடிட்டார். பின்னர் பாடம் தேயிலைக்குத் திரும்பியது.

மனைவி யாழ்ப்பாணத்திலேயே இறந்துபோனாள். புலம்பெயர்ந்து வந்த நகரின் சென் ஜேம்ஸ் ரவுண் பகுதியில், அடுக்குமாடிக் கட்டடமொன்றில் அவர் தனியே வாழ்ந்தார். அந்நாளில் அக்கட்டடத்துத் தமிழர் வீடுகளின் கூடங்களிலெல்லாம் புதிதாய் வந்தவர் எவரேனும் படுத்திருப்பார். வீட்டுக்காரரிடம் முன்கூட்டிக் கேட்பதில்லை; கேட்டால் அந்நியப்படுத்தியதாகிவிடும். விநாயகமூர்த்தியின் கூடம் மட்டும் வெறுமையாய்க் கிடந்தது.

அன்று மாலை அவர் கதவு தட்டப்பட்டது. மேல்மாடிக் கிறிஸ்துநாயகம் ஒருவரை அழைத்து வந்திருந்தார்.

"அண்ணை, இவர் சச்சிதானந்தன். நேற்றுத்தான் வந்து இறங்கினவர். ஒரு கிழமை இருக்கட்டும். உங்கடை சோபாவுக்கும் விசா எடுக்கவேணுமோ?"

சொல்லிக்கொண்டே சச்சிதானந்தனின் பையை உள்ளே வைத்துவிட்டார். வந்தவர் குனிந்து அதனை எடுத்து மீண்டும் வாசலுக்கு வெளியே வைத்தார்.

"ஐயா, உங்களுக்கு விருப்பமெண்டால்தான்."

படையினர் வந்த நாள்முதல் ஒருவரும் அவரிடம் கேளாத கேள்வி அது. அதற்குரிய விடையோ நெடுங்காலமாக அவரிடம் ஆயத்தமாயிருந்தது.

"விருப்பமில்லை, தம்பி" என்றார் மெல்ல.

"ஓம் ஐயா, பரவாயில்லை."

வந்தவர் முகத்தில் சினமில்லை. பையைத் தூக்கிக்கொண்டார்.

"உது நல்லாயில்லை அண்ணை" என்றார் கிறிஸ்துநாயகம்.

லிஃப்ற் கதவு மூடும் ஓசை கேட்கும்வரை விநாயகமூர்த்தி நின்றார். பின் கதவுச் சங்கிலியை மாட்டினார். கூடம் முழுவதும் அவருடையதாகவே இருந்தது. சோபாவில் ஒரு மூலையில் அமர்ந்தார், மறுமூலையில் ஒருவர் இருப்பதற்கு இடம் விட்டு.