இரைச்சல் இல்லாத கேசட்

கேசட்டில் இரைச்சலே கிடையாது என்று சின்னதுரை சொல்லிவிட்டால் அதற்கு அப்பீல் இல்லை. கும்மிடிப்பூண்டியில் லாரிகளுக்கு இரும்புத் தகடு அடிக்கும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக பிரஸ் மிஷின் ஓட்டுகிற மனிதர். வாயைத் திறந்தால் கேசட் புராணம்தான். செல்போனில் வருவது பாட்டே இல்லை, பாட்டைப் பிழிந்த சக்கை என்பார். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரும் ஸ்டோர்ஸ் தணிகைவேலுக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஒருநாள் அவன் பொறுக்கமாட்டாமல், கேசட்டில் பாட்டுக்கு அடியில் ‘உஸ்’ என்று ஒன்று ஓடிக்கொண்டே இருக்குமே, அதை யார் இந்தக் காலத்தில் சகித்துக்கொண்டு கேட்பார்கள் என்று கேட்டுவிட்டான். சின்னதுரைக்குச் சுருக்கென்றது. மட்டமான செட்டில் அப்படி வரும், என் செட்டில் பொட்டு இரைச்சல் இருந்தாலும் எடைக்குப் போட்டுவிடுகிறேன் என்று பஸ்ஸே கேட்கச் சவால் விட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் எளாவூரில் தன் வீட்டுப் பக்கம் வரச் சொன்னார்.

தணிகைவேல் சொன்னபடி வந்தான். சின்னதுரை பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டேப்பின் ஹெட்டைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். மாதா பாட்டு கேசட்டைப் போட்டார். முதல் வரி முடிவதற்குள் தணிகைவேல், “இதோ வருதேண்ணா, உஸ்ஸுன்னு” என்றான். காலேஜ் போகும் மகள் மோனிகா, அது எப்போதும் வருவதுதானே என்று சிரித்தாள். சின்னதுரை மறுபடியும் துடைத்தார். வேறு கேசட், அதற்கும் வேறு கேசட். அவருக்குப் பாட்டு மட்டும்தான் கேட்டது. இரண்டு பேரும் கூட்டு சேர்ந்து தன்னைக் கலாய்க்கிறார்கள் என்றே நினைத்தார்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். எதுவும் பதியாத காலி கேசட் ஒன்று பிரிக்காமலே கிடந்தது. பாட்டே இல்லாவிட்டால் இரைச்சல் தனியாக மாட்டிக்கொள்ளுமே. அதைப் போட்டு, சத்தத்தைக் கடைசிவரை திருகினார். கேசட் சுற்றியது. சின்னதுரை கையைக் கட்டிக்கொண்டு வெற்றிப் புன்னகையோடு நின்றார்.

அப்போது பின்கட்டிலிருந்து அவர் மனைவி ஆரோக்கியமேரி அரக்கப்பரக்க ஓடிவந்து மாடிப்படி ஏறினாள். காயப்போட்ட துணி மழையில் நனைகிறதாம். பாதிப் படியில் வெயிலைப் பார்த்து நின்றாள். பிறகு இறங்கிவந்து, டேப்பைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

சின்னதுரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவள் இந்தக் கூட்டில் இல்லை. சவால் விட்ட சங்கதியே இவளுக்குத் தெரியாது. அவர் குனிந்து ஸ்பீக்கர் மேலேயே காதை வைத்தார். ஒன்றுமில்லை. மற்றொரு காது. அதிலும் ஒன்றுமில்லை. செட்டில் கோளாறு என்றால் இவர்களுக்கு மட்டும் எப்படி மழை பெய்யும்? தன் காதில் கோளாறு என்றால், கம்பெனியில் வருஷா வருஷம் வேனில் வந்து டெஸ்ட் எடுத்து ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அது என்ன?

அந்த டெஸ்ட் எப்படி நடக்கும் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. பீப் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். ஆனால் கண்ணாடி வழியாக டெஸ்ட் எடுப்பவர் விரல் நன்றாகத் தெரியும். விரல் அசைந்தால் அமுக்கு, டீ ஆறுவதற்குள் வெளியே வா. பிரஸ் ஷாப் முழுக்க அப்படித்தான். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவரே சின்னதுரைதான். மிஷின் சத்தத்துக்குக் காதில் செருகவேண்டிய அடைப்பானைக் கழுத்தில் தொங்கவிட்டு, சேஃப்டி ஆபீசர் வந்தால் மட்டும் செருகிக்கொள்ளவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். காது போயிற்று என்று தெரிந்தால் மிஷினிலிருந்து தூக்கிவிடுவார்கள். அதைவிட, கேசட் சுத்தமாக ஒலிக்கிறது என்று இத்தனை நாள் பேசியதெல்லாம் என்ன பேச்சு?

ஜெயித்த தணிகைவேல், ஜெயித்தேன் என்று சொல்லாமலே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

“நெசமாவே உனுக்குக் கேட்டுச்சா?” என்று மனைவியைக் கேட்டார்.

“நல்லாவே கேட்டுச்சி.”

“அதுக்கு ஏன் கத்தற?”

“நான் எங்க கத்தறேன்? மெதுவா சொன்னா நீ திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்ற. அஞ்சு வருசமா இப்டித்தான் பேசிக்கினு கீறேன்.”

அஞ்சு வருஷம். மேரிக்கு வாய் நீண்டுவிட்டது, எதற்கெடுத்தாலும் சண்டை என்று அவர் பஸ்ஸில் புலம்பாத நாள் இல்லை. பதிலுக்கு அவரும் கத்தி, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோன ராத்திரிகள் எத்தனை. ஒருவேளை இதுவும் தப்போ, இன்னும் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று இருந்தது. டேப்பை நிறுத்தினார்.

“முன்னல்லாம் எங்கிட்ட எப்டிப் பேசுவ, அந்த மாரி இன்னா வேணா சொல்லு” என்று சொல்லிவிட்டு, அவள் வாயைப் பார்க்காமல் இருக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். காத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்.

“இன்னா மேரி வெக்கம்? சும்மா சொல்லு” என்றார்.

தோளில் அவள் கை விழுந்தது.

“சொல்லிட்டேன்” என்றாள் ஆரோக்கியமேரி, சத்தமாக.