பொட்டாசியத்துக்கு ஏன் K

1

இந்தக் கதை எனக்கு ஒலிபெருக்கி வழியாக வந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்ல முடியாது, தானாக வந்து காதில் விழுந்தது. ஆனால் விழுந்ததைத் துடைத்து இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தது நான்தான்.

டார்வின் நகரத்திலிருந்து ஒரு நாள் வண்டிப் பயணத் தூரத்தில் இருக்கும் பார்க்லி மேட்டுநிலத்தில், ரேலீன் வீட்டுக்கு அடுத்த மாட்டுப் பண்ணையில் அப்போது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலையில் இருந்தேன். அடுத்த பண்ணை என்றால் வேலிக்கு அந்தப்பக்கம் ஆள் தலை தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். பள்ளிக்கூடம் நகரத்தில், பிள்ளைகள் அவரவர் வீட்டில். வானொலி போய்க் கணினி வந்த பிறகும் வானொலிப் பள்ளி என்றுதான் சொல்கிறோம். டீச்சர் பேசுவது எல்லா வீட்டிலும் கேட்கும். ஒரு வீட்டில் மைக் திறந்திருந்தால் அந்த வீடும் எல்லா வீட்டிலும் கேட்கும்.

அப்படித்தான் கேட்டது.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘ரேலீன் கடுகடுத்த தாய்.’ அடித்துவிட்டேன்.

பிறகு: ‘ரேலீன் பாசமான தாய்தான், ஆனால்’. இதையும் விட்டுவிட்டேன். அந்த ‘ஆனால்’ வந்ததுமே நீங்கள் மன்னிக்க உட்கார்ந்துவிடுவீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். ரேலீன் பதினைந்து வயதில் படிப்பை விட்டவள். செம்மறி மயிர் கத்தரிக்கும் கொட்டகையில் சமையல் வேலை, பிறகு டாரலோடு கல்யாணம், பிறகு இந்தப் பண்ணை. ஒரே மகள் டீகனுக்கு அப்போது பதிமூன்று. சின்ன வகுப்புப் பாடங்களையெல்லாம் ரேலீன் சமாளித்துவிட்டாள். தனிம வரிசை அட்டவணை வந்தபோதுதான் தடுமாறிப்போனாள்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. அட்டவணையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். மகளைக் கூட்டிக்கொண்டு முற்றம், கொட்டகை என்று சுற்றினாள். கூரைத் தகரத்தில் துத்தநாகம், வண்டியின் பழைய பேட்டரியில் ஈயம், மாடு நக்குவதற்கு வைக்கும் உப்புக்கட்டியில் பாஸ்பரஸ். ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்பாள்.

“இது?”

“இரும்பு.”

“எழுத்து?”

“I.”

“அது அயோடின். இது Fe.”

“இரும்புல எங்கம்மா F இருக்கு?”

ரேலீனுக்குத் தெரியாது. “எழுதி வச்சிருக்காங்கல்ல, படி” என்பாள்.

(அந்த எழுத்துகள் லத்தீன் பெயர்களிலிருந்து வந்தவை. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அடுத்த பண்ணை டீச்சரம்மாவிடம் கேட்பதற்குப் பதில் ரேலீன் நாக்கைப் பிடுங்கிக்கொள்வாள்.)

3

அன்று காலை நகரத்திலிருந்து பாடம் நடத்தும் டீச்சர் மிஸ் ஹல்பர்ட் ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

“டீகன், பொட்டாசியம்?”

“P, மிஸ்.”

“P பாஸ்பரஸ் ஆச்சே. யோசிச்சுப் பாரு, திரும்பவும் உங்கிட்ட வர்றேன்.”

டீகன் மைக்கை அணைக்க மறந்தாள். பின்னால் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ரேலீன் அதைக் கவனிக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் முழுக்க வாழைப்பழத்தை மகள் கையில் கொடுத்து, இதில் பொட்டாசியம் இருக்கிறது, இதற்கு K என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

“தொண்டை கிழியக் கத்துனேனேடி நேத்து! K! K! உங்கப்பன் மண்டை அப்படியே வந்து வாய்ச்சிருக்கு, மரமண்டை. வெளிய நிக்கிற மாட்டுக்குச் சொல்லியிருந்தா அது சொல்லியிருக்கும் இந்நேரம். உன்னைப் பெத்தேன்னு வெளிய சொல்லவே வெக்கமா இருக்குடி எனக்கு.”

எங்கள் வீட்டு மேசையில் பென்சில்கள் நின்றன. ஒலிபெருக்கியில் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

“டீகன்,” மிஸ் ஹல்பர்ட்டின் குரல் இறங்கியிருந்தது. “உங்க வீட்டு மைக்கு...”

குழாய்ச் சத்தம் நின்றது.

“சாரி மிஸ்,” என்றாள் டீகன். “அம்மா நாயத் திட்டுறாங்க. சமையக்கட்டுக்குள்ள வந்துருச்சு.”

நாய்க்கு எதற்குப் பொட்டாசியம் என்று யாரும் கேட்கவில்லை. “சரிம்மா” என்றாள் மிஸ். “அடுத்தது யாரு?”

ரேலீன் நுரைக் கையோடு நின்றாள். டீகன் மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பினாள். கண்ணில் தண்ணீர்கூட இல்லை.

“போம்மா. நான் பாத்துக்கிறேன்.”

திட்டு வாங்கியவள்தான் திட்டியவளின் மானத்தைக் காப்பாற்றினாள். அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன் என்று ரேலீன் பின்னால் என்னிடம் சொன்னாள். ‘பாத்துக்கிறேன்’ என்பவளை என்ன செய்வது?

4

இதற்கு முன் நான் எழுதிய வரைவில் இந்த இடத்தில் ஒரு சின்னக் குரல் வரும்: “எனக்கும் தெரியாது மிஸ்.” பிறகு இன்னொரு வீட்டிலிருந்து, பிறகு இன்னொன்றிலிருந்து. எழுதிவிட்டு நானே இரண்டு முறை படித்து ரசித்தேன்.

பொய். யாரும் வாய் திறக்கவில்லை. பாடம் கால்சியத்துக்குப் போய்விட்டது.*

* கால்சியம் எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வந்தது. சரியாகச் சொல்லிவிட்டு, பாராட்டுக்காக என் முகத்தைப் பார்த்தது.

5

ஆண்டுக்கொரு முறை எல்லாக் குடும்பங்களும் நகரத்தில் கூடும். பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம், பெரியவர்களுக்குப் பேச்சு.

“நான் வரல. தலைவலி” என்றாள் ரேலீன்.

“இன்னும் ஒரு மாசம் கெடக்கு, இப்பவே தலைவலியா?” என்றான் டாரல். “வா. வராட்டி அதையும் சேத்துப் பேசுவாங்க.”

போனார்கள். பந்தல் நிழலில் பெண்களெல்லாம் தேநீர்க் கோப்பையோடு நின்றோம். எங்கே போனாலும் குரல் முதலில் போய்ச் சேரும் இன்னொரு பண்ணைக்காரி காலீன் ரேலீனைக் கண்டதும் கையை ஆட்டினாள்.

“வா ரேலீன்! நாய் எப்படி இருக்கு? பொட்டாசியம் வந்துருச்சா அதுக்கு?”

சிரிப்பு வெடித்தது. அதில் விஷமில்லை. எல்லோர் சமையலறையிலும் அப்படி ஒரு காலை நடந்திருக்கிறது, மைக்தான் அணைந்திருந்தது. ரேலீன் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், பேச்சு மழைக்கும் தீவனத்துக்கும் போயிருக்கும்.

அவளும் சிரித்தாள்.

“எங்க வருது? இன்னும் P-லயே நிக்குது. மரமண்டை நாயி.”

முன்னைவிடப் பெரிய சிரிப்பு. அவளை எல்லோரும் சேர்த்துக்கொண்ட சிரிப்பு அது. அந்த ஒரு கணம் ரேலீனுக்கு உடம்பெல்லாம் லேசானது.

நான் டீகனை முதலில் பார்த்தேன். ரேலீன் என் முகத்தைப் பார்த்துத் திரும்பினாள். மகள் பின்னாலேயே நின்றாள், கையில் தட்டு. ரொட்டிக்குள் வைத்துச் சுருட்டிய சாசேஜ்.

“வெங்காயம் கருகாமப் பாத்து எடுத்தேம்மா,” என்றாள். தட்டை பெஞ்சில் வைத்துவிட்டுப் போனாள்.

மைக் திறந்திருந்த காலையைக்கூட ரேலீன் கோபத்தின் மேல் போட்டுவிடுவாள். இந்தச் சிரிப்பை எதன் மேலும் போட முடியவில்லை. அந்தத் தட்டில் இருந்ததைத் தின்று முடித்தாள். குப்பையில் போட்டால் அதையும் டீகன் பார்ப்பாள் என்று பயம்.

6

ஊர் திரும்பியதும் டீகன் பாடம் படிக்கும் அறையின் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தாள். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான். அட்டவணையையும் குளிர்பெட்டிக் கதவிலிருந்து உரித்து உள்ளே கொண்டுபோனாள். ரேலீன் தேநீர் எடுத்துப்போய்த் தட்டினால், “வச்சிட்டுப் போம்மா.”

ரேலீன் வைத்துவிட்டுப் போகாமல் நிற்பாள். உள்ளே மிஸ் ஹல்பர்ட் கேட்பது கேட்கும். மகள் சொல்வதும் கேட்கும்: சோடியம் Na. வெள்ளி Ag. பொட்டாசியம் K. ஒன்றும் தப்பவில்லை. ரேலீனுக்குப் பெருமையாக இருக்கும். தன் பங்கு எதுவும் இல்லாத பெருமை. அதை யாரிடம் சொல்லிக்கொள்வது?

இப்போது டீகன் டார்வினில் இருக்கிறாள். வாரம் தவறாமல் கூப்பிடுகிறாள். மழை, மாட்டு விலை, அப்பாவின் முழங்கால் வலி, எல்லாம் பேசுகிறாள்.

7

எழுதுவதைச் சொல்லாமல் எழுத மனசு வரவில்லை. ரேலீன் வீட்டுக்குப் போய், துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவளிடம் இந்தக் கதைக்கு நான் யோசித்திருந்த முடிவுகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

கூட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில், பண்ணைக் கேட்டைத் திறக்க இறங்கிய ரேலீன் மகளையும் இறக்கி மன்னிப்புக் கேட்கிறாள்.

“கேட்டைத் திறந்தது டீகன். நான் எறங்கவே இல்ல.”

சரி. அடுத்த பாடத்தில் மைக்கைப் பிடித்து, அன்று திட்டியது நாயை இல்லை என்று எல்லா வீட்டுக்கும் சொல்கிறாள்.

“அந்தத் தைரியம் இருந்தா அன்னைக்குச் சிரிச்சிருப்பேனாடி?”

டீகன் வேதியியல் டீச்சராகிறாள்.

“அவ பல் டாக்டர்கிட்ட வேலை பாக்குறா. ஏண்டி என்னை நல்லவளாக்கிக்கிட்டே இருக்க?”

துண்டின் ஓரத்தைப் பிடித்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் மடித்தோம்.

“டீகன் படிப்பாளா இதை?” என்றாள்.

“தமிழ்ல எழுதுறேன் ரேலீன். அவளால படிக்க முடியாது.”

நிம்மதியாவாள் என்று எதிர்பார்த்தேன். கையிலிருந்த துண்டை மறுபடி உதறினாள்.

“அப்ப எதுக்கு எழுதுற?”

8

“அவ நம்பர் உங்கிட்ட இருக்குல்ல?” என்றேன், கடைசித் துண்டைக் கூடையில் வைத்துவிட்டு.

“இருக்கு. நம்பரா இல்ல? எடுத்ததும் என்னன்னு சொல்றது? அவளுக்கு மறந்திருந்தா?”

“மறந்திருக்குமா?”

“வெங்காயம் வதக்குறப்பல்லாம் எனக்கு ஞாபகம் வருது. அவளுக்கு மறந்திருக்குமா?” என்று என்னிடமே திருப்பிக் கேட்டாள்.

பிறகு ரேலீன் துணிக்கூடையைத் தள்ளி வைத்துவிட்டு ஃபோனை எடுத்து

இந்த வாக்கியத்தை இதற்கு மேல் கொண்டுபோகமாட்டேன். கொண்டுபோனால் அவளை மறுபடி நல்லவளாக்கிவிடுவேன். பேசவேயில்லை என்று எழுதினால் அதுவும் அவள் மேல் நான் போடும் பழி. டார்வினில் இப்போது டீகனுக்கு மதிய இடைவேளை. ஃபோன் ரேலீனின் கையில் இருக்கிறது, மணி அடிக்கிறது. முதல் வார்த்தை அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லிக்கொடுங்கள், திட்டாமல்.