பந்தைப் பார்க்காமலே அவுட்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறவள் என்பதால் அணியில் எல்லோரும் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது முப்பத்து மூன்று. தேசிய அணியோடு இரண்டு முறை வெளிநாடு போய் வந்திருந்தாள். இரண்டு முறையும் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. இடைவேளையில் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு ஓடுவாள், கையுறை மாற்றிக் கொடுப்பாள், அடிபட்டவளுக்குப் பதிலாக எல்லைக் கோட்டருகே கொஞ்ச நேரம் நிற்பாள். அவள் கண்ட சர்வதேச கிரிக்கெட் அவ்வளவுதான்.

உலகக் கோப்பைக்கான மண்டலத் தகுதிச் சுற்றுக்கு மூன்றாவது முறையாகப் பெயர் வந்தது. சம்பளமில்லா விடுப்பு கேட்டு நின்றபோது கூடத்துப் பொறுப்பாளர் தலையைக்கூடத் தூக்கவில்லை. “தண்ணி தூக்க அங்க ஆளே கிடைக்கலியாம்மா? இங்கருந்து போகணுமா?” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்தை வாங்கினாள்.

கடைசி லீக் ஆட்டத்துக்கு முந்தின நாள் பயிற்சியில் அணியின் ஏழாவது ஆட்டக்காரிக்கு விரல் முறிந்தது. மறுநாள் காலை ஓட்டல் சாப்பாட்டு அறையில் கோச் வந்து, “நீங்கதான் ஆடுறீங்க. ஏழாவதா இறங்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். கையில் இருந்த ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போன் செய்தாள். கணவன் ஏசி மெக்கானிக். யார் வீட்டு மாடியிலோ ஏணிமேல் இருந்தான்.

“ஏங்க, இன்னைக்கு நான் ஆடுறேன்.”

“விளையாடாத.”

“விளையாடத்தான் போறேங்கறேன்.”

அவன் ஏணியிலிருந்து இறங்கி, அந்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து போனில் நேரலையைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அந்த இணைப்பை அனுப்பினான். பரிசோதனைக் கூடத்துப் பொறுப்பாளருக்கும் அனுப்பினான்.

ஜெயித்தால் அடுத்த சுற்று. மழை வந்து முடிவில்லாமல் போனால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். எதிரணி பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிறைந்த புது அணி. தோற்கடிப்பது பெரிய காரியமில்லை. வானம்தான் பயம் காட்டியது. மைதானத்தின் ஒரு ஓரத்தில் தார் பூசியது போல மேகம் திரண்டு நின்றது.

நம் அணி முதலில் ஆடியது. கேப்டனும் இன்னொருத்தியும் தொடக்கத்தில் இறங்கினார்கள். கேப்டனுக்கு இருபத்தைந்து வயது, கெட்டிக்காரி. அன்றைக்கு அவள் தொட்டதெல்லாம் எல்லைக்குப் போனது. பத்து ஓவர் முடிவதற்குள்ளேயே எதிரணி எட்டிப் பிடிக்க முடியாத அளவுக்கு ரன் சேர்ந்துவிட்டது.

அப்போதுதான் கோச் மேகத்தைப் பார்த்துவிட்டுத் திட்டத்தைச் சொன்னார். இருபது ஓவர் ஆட்டத்தில், சேர்த்த ரன் போதும் என்று நாமாக இன்னிங்ஸை முடித்துக்கொள்ள விதி கிடையாது. பத்துப் பேர் அவுட் ஆக வேண்டும். அதனால் ஒவ்வொருத்தியும் உள்ளே போய், தானாகவே ‘ரிட்டயர்டு அவுட்’ சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். எதிரணிக்கு ஐந்து ஓவராவது வீசிவிட்டால் மழை வந்தாலும் வெற்றி நமக்கே.

முதல் ஆட்டத்தில் ஒரு பந்துகூட ஆடாமல் திரும்புவது ஊசியக்காவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் யோசனை சரிதான் என்று அவளுக்கே தெரிந்தது. எழுந்து காலில் பேட் கட்டிக்கொண்டாள்.

ஆனால் யாரும் உள்ளே போகவில்லை.

“என்ன சார், கேப்டனைக் கூப்பிடலையா?” என்று கேட்டாள்.

“கேப்டன் எண்பத்தாறுல இருக்கா. இருங்க, நூறு அடிக்கட்டும். நம்ம நாட்டுக்கு முதல் நூறு” என்றார் கோச்.

காற்று மாறியது. தொண்ணூறுக்கு மேல் கேப்டன் தடவ ஆரம்பித்தாள். ஒவ்வொரு பந்துக்கு முன்னும் கையுறையைக் கழற்றி மாட்டினாள், எதிர்முனைக்காரியோடு பேசினாள். ஒரு ஓவர் போனது, இன்னொன்று போனது, மூன்றாவதும் போனது. நாலாவதில் நூறு வந்தது. எல்லோரும் எழுந்து குதித்தார்கள். கேப்டன் மட்டையைத் தூக்கி நாலு பக்கமும் காட்டினாள். படமெடுத்தார்கள். அதற்கும் நேரமிருந்தது.

அதற்குப் பிறகுதான் அவசரம் வந்தது. கேப்டனும் எதிர்முனைக்காரியும் ரிட்டயர்டு அவுட் சொல்லி வெளியே வந்தார்கள். “ஓடுங்க, ஓடுங்க!” என்று கோச் கத்தினார். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகச் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினார்கள், அம்பயரிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். எதிரணிப் பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் வேடிக்கை பார்த்தார்கள்.

“சார், என்னையக் கடைசியா அனுப்புங்க. பதினொண்ணாவது ஆளு அவுட் ஆக வேண்டியதில்லையே. எனக்கு இதுதான் முதல் மேட்ச். நாட் அவுட்னாவது இருக்கட்டும்” என்றாள் ஊசியக்கா.

“எவ நாட் அவுட்டா இருந்தா என்னம்மா இப்ப? போங்க, நேரமாகுது!”

நேரமாகுது. அந்த ஒரு வார்த்தை அவள் உச்சந்தலையில் ஏறியது.

ஓட்டமாகத்தான் போனாள். கூட வந்தவள் அணியின் எட்டாவது ஆட்டக்காரி, கல்லூரிப் பெண். அவள் அம்பயரிடம் போய் வாயைத் திறப்பதற்குள் ஊசியக்கா, “நீ அந்தப் பக்கம் நில்லு” என்றாள்.

“அக்கா, என்னக்கா பண்றீங்க?”

“நில்லுன்னு சொல்றேன்ல.”

ஊசியக்கா ஸ்டம்புக்கு முன்னால் போய் நின்றாள். அம்பயரைப் பார்த்து, “மிடில் ஸ்டம்ப்” என்று மட்டை வைக்க இடம் கேட்டாள். அம்பயர் அம்மா புருவத்தைத் தூக்கினார்.

“நீங்க ரிட்டயர் ஆகலையா?”

“ஆவேன். ஒரு பந்து ஆடிட்டு.”

வெளியே கோச் இரண்டு கையையும் ஆட்டினார். கேப்டன் எல்லைக் கோடு வரைக்கும் ஓடிவந்து, “ஊசியக்கா! வெளிய வாங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். அந்தக் குரலைக் கேட்கக் கேட்க ஊசியக்கா மட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

பந்து வீசிய சிறுமி குழம்பிப்போயிருந்தாள். முதல் பந்து எட்டாத தூரத்தில் போனது, வைடு. ‘இதுகூடக் கணக்கில்லையா’ என்று ஊசியக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அடுத்த பந்து நேராக வந்தது. முன்காலை எடுத்து வைத்து, மட்டையின் நடுவில் வாங்கி, கவர் பக்கம் தள்ளிவிட்டு ஓடினாள். ஒரு ரன். மறுமுனையில் நின்று, மூச்சு வாங்க, “நான் ரிட்டயர்டு அவுட்” என்று அம்பயரிடம் சொல்லிவிட்டு நடந்தாள். வெளியே யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நம் அணியினர் மூச்சுவிடாமல் பந்து வீசினார்கள். எதிரணிக்கு ஏழு விக்கெட் போனது. ஐந்தாவது ஓவரில் நாலு பந்து முடிந்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை, குடம் குடமாகக் கொட்டியது. அம்பயர்கள் ஸ்டம்பைப் பிடுங்கினார்கள். நெடுநேரம் எல்லோரும் கண்ணாடி ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றார்கள். மழை விடவேயில்லை. ஆட்டம் முடிவில்லாமல் போனது.

அந்தக் கடைசி ஓவரை வீசிய பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. நனைந்த சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். ஊசியக்கா துண்டை எடுத்துக்கொண்டு போய் அவள் தலையைத் துவட்டப் போனபோது அவள் தலையை நகர்த்திக்கொண்டாள்.

“ரெண்டு பந்துதானேக்கா? நீங்க ஆடுனதும் அதே ரெண்டு பந்துதானேக்கா?”

ஊசியக்காவுக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண் சொன்னது பொய்யில்லை.

அதற்குள் கோச் ஆரம்பித்துவிட்டார். “பதினாலு பேரோட உழைப்பு! ஒருத்தியோட சுயநலத்தால நாசமாப் போச்சு! வயசுக்கேத்த புத்தி வேணாமா?”

அவள் துண்டைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினாள்.

“சுயநலமா? எண்பத்தாறுல இருந்து நூறுக்கு எத்தன ஓவர் காத்திருந்தோம், சொல்லுங்க சார். நாலு ஓவர்! அப்ப மழை வராதா? அவ நூறு நாட்டுக்கு, என் ஒரு பந்து சுயநலமா?”

“அதுவும் இதுவும் ஒண்ணா?” என்று எகிறினார் கோச்.

“ஒண்ணு இல்ல சார். அது நாலு ஓவர். இது ரெண்டு பந்து. கணக்கு எனக்கும் தெரியும்.”

கேப்டன் சுவர்ப்பக்கம் திரும்பி ஷூவின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவிழ்ந்த முடிச்சையே திரும்பத் திரும்ப அவிழ்த்தாள். “நான் ஒண்ணும் காத்திருக்கச் சொல்லலியே” என்றாள் மெதுவாக.

“வெளிய வாங்கன்னு என்னையக் கூப்பிட்டேல்ல? அந்தத் தொண்டை தொண்ணூறுல இருந்தப்ப எங்க போச்சு? நீயே வெளிய வந்திருக்க வேண்டியதுதானே!”

எட்டாவது ஆட்டக்காரி கீழே கிடந்த துண்டை எடுத்து மடித்து வைத்தாள்.

திரும்பி வந்து ஒரு வாரத்தில் கிரிக்கெட் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. அணியின் உத்தரவை மீறியதற்கு எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு ஆண்டு தடை. கேப்டனின் நூறுக்குப் பாராட்டு விழா நடந்த படம் அதே வாரம் பேப்பரில் வந்தது.

“எழுதிக் குடுத்துட்டுப் போயேன். நாலு வரிதானே? நீ பண்ணதுல கொஞ்சம் தப்பும் இருக்குல்ல?” என்றான் கணவன்.

“இருக்கு. என் பங்குக்கு நான் எழுதுறேன். மிச்சப் பங்குக்கு யாரு எழுதுவா?”

அவன் பாத்திரம் கழுவப் போய்விட்டான்.

அன்று மாலை கேப்டனே போன் செய்தாள். “அக்கா, மன்னிப்புதானே, எழுதிடுங்க. நான் பேசி உங்கள உள்ள எடுத்துக்கறேன்.”

“சரி, எழுதுறேன். ஒரே தாள்ல எழுதுவோம். மேல உன் நாலு ஓவர், கீழ என் ரெண்டு பந்து. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். வர்றியா?”

கேப்டன் போனை வைத்துவிட்டாள்.

அவள் எழுதவில்லை. தடை வந்தது. பரிசோதனைக் கூடத்தில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து வேறு அறைக்குப் போனாள். கோபம் தணியும் என்று எல்லோரும் சொன்னார்கள். தணியவில்லை, அவளும் தணிக்கப் பார்க்கவில்லை.

தடை அறிவித்த சில நாளில் அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் வீடு தேடி வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“அன்னைக்கு உங்ககிட்ட அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுக்கா.”

“ஏன் கூடாது? நீ கேட்டது சரிதான்” என்றாள் ஊசியக்கா. “என்னைய மட்டும் கேட்டதுதான் தப்பு. உள்ள வா.”