இரண்டு கரண்டி

வாய்க்குப் பூட்டுப் போடுவது மருந்துக்கடைக்காரிக்குப் பிறவியிலேயே வராத வித்தை. இன்றைக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஓட்டலில் வாலு எதை வரவழைத்துச் சாப்பிட்டாலும் அம்மா ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று மகளின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறாள். "கண்ணாலயும் பேசக் கூடாது" என்று அந்தப் பத்து வயது வாலு கூடுதலாக ஒரு ஷரத்தும் போட்டிருந்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையில் வாலுவுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. சாப்பாட்டை ஒழுங்குபடுத்துங்கள், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்போம் என்றார் டாக்டர். வீட்டில் வம்பில்லை, காயும் பழமும் பழகிவிட்டன. வெளியே போனால்தான் தகராறு. போன மாதம் ஒரு விருந்தில், நாலு பேர் பார்க்க, மகள் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினாள் இவள். மூன்று நாள் வாலு முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள், மடித்து வைத்த துணிகளுக்கு அடியில் காலி பிஸ்கட் உறைகள் அகப்பட்டன. "பிடுங்கினா ஒளிச்சுத் தின்னத்தான் செய்வா. அப்புறம் நீங்களும் ஒண்ணும் பண்ண முடியாது, நானும் பண்ண முடியாது" என்றார் டாக்டர். அந்தப் பயத்தில் பிறந்ததுதான் இந்தச் சத்தியம்.

சத்தியம் செய்தவள் சும்மா இருந்தாளா? தொழில்புத்தி விடுமா? அவள் கடையில் மருந்தை எடுத்து வைப்பவர் ஒருவர், சீட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பவர் இன்னொருவர். பன்னிரண்டு வருஷமாகச் சரிபார்க்கிறவள் அவள்தான். நேற்று மத்தியானம் ஓட்டலுக்குப் போன் போட்டுவிட்டாள். எங்கள் மேஜையில் ஒரு சின்னப் பெண் இருப்பாள். அவள் எது கேட்டாலும் எண்ணெயைக் குறைத்துவிடுங்கள், ஐஸ்கிரீம் கேட்டால் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள், குழந்தைக்குத் தெரிய வேண்டாம் என்றாள். இது அவள் கணவனுக்குக்கூடத் தெரியாது.

ஓட்டலில் ஒரு பக்கச் சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. "நாலு பேருக்குச் சொன்னேன், எட்டுப் பேர் வந்திருக்கோம் பாரு!" என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார் அவள் அண்ணன். பதவி உயர்வு கிடைத்த சந்தோஷத்தில் அவர் கொடுக்கும் விருந்து இது. "மருமகளே, இன்னிக்கு மாமா ராஜ்ஜியம். பொரிச்ச கோழி ஒரு கூடை சொல்லட்டுமா? ஒரு நாள்தானே!"

அண்ணன் வாயில் எதையாவது வைத்து அடைக்கலாமா என்றிருந்தது அவளுக்கு. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். கணவன், தப்பித்தால் போதும் என்று தண்ணீர் தம்ளரில் முகம் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாலு பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தாள். பரிமாறுபவர் வந்து நின்றார். அவர் பார்வை ஒரு கணம் அம்மாவைத் தொட்டு மீண்டது.

"கூடை வேணாம் மாமா. எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு துண்டு போதும்" என்றாள் வாலு. பிறகு பரிமாறுபவரிடம் திரும்பி, "எனக்குச் சுட்ட மீன். கூட உருளை வறுவல்னு போட்டிருக்கே, அதுக்குப் பதிலா வேகவச்ச காய் வைப்பீங்களா? குடிக்கத் தண்ணி."

அம்மா தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தாள். யார் சொல்லிக் கொடுத்தது இதெல்லாம்? யாரும் இல்லை. அந்தப் போனைப் போடாமல் இருந்திருந்தால் இந்த நிமிஷம் மொத்தமும் தன்னுடையதாக இருந்திருக்குமே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது, தன்மேலேயே.

சாப்பாடு நல்லபடியாக முடிந்தது. முடிந்ததே என்று அவள் மூச்சுவிடப் போன நேரத்தில் வாலு மறுபடி பரிமாறுபவரைக் கூப்பிட்டாள்.

"ஒரு ஐஸ்கிரீம், சின்னது. ரெண்டு கரண்டி. எனக்குப் பாதி, எங்கம்மாவுக்குப் பாதி."

பரிமாறுபவர் எச்சில் விழுங்கினார். "ஐஸ்கிரீம் தீர்ந்துடுச்சு கண்ணு."

"ஓ" என்றாள் வாலு. "சரி, பரவாயில்ல."

அவள் அப்படிச் சொல்லி வாய்மூடவில்லை, பக்கத்து மேஜைக்கு மூன்று கிண்ணம் ஐஸ்கிரீம் போயிற்று.

அண்ணனுக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "என்னய்யா, கண்ணு முன்னாடியே புளுகறே? சின்னப் புள்ளன்னா அவ்வளவு இளக்காரமா? கூப்பிடு முதலாளிய!"

ஓட்டல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பரிமாறுபவர் காது சிவக்க நின்றார், அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் பேசாமல் இருந்தால் அத்தோடு போயிற்று. அந்த மனுஷன் திட்டு வாங்கிக்கொண்டு போவார், மகளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வாலு மாமாவையும் பார்க்கவில்லை, பரிமாறுபவரையும் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரைத் திட்டாதே அண்ணா. நான்தான் சொன்னேன். நேத்தே போன் பண்ணிட்டேன்."

அண்ணன் வாய் திறந்தபடி இருந்தது.

"வேற என்ன சொன்னே?" என்றாள் வாலு.

"எண்ணெயைக் குறைக்கச் சொன்னேன்."

"என் மீனுக்கா?"

"நீ மீன் கேப்பேன்னு எனக்குத் தெரியாதும்மா. எது கேட்டாலும்னு சொன்னேன்."

வாலுவின் கீழுதடு நடுங்கியது. அழுதுவிடுவாள் என்று அம்மா நினைத்தாள். அழவில்லை. "நான் எடுத்தா நீ சரிபார்க்கறே. நீ பண்றதை யாரு சரிபார்க்கறது?"

அம்மா பரிமாறுபவரைப் பார்த்து, "கொண்டு வாங்க. ரெண்டு கரண்டி" என்று மட்டும் சொன்னாள். அவர் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கவும் வெட்கமாக இருந்தது, கேட்டுவிட்டாள்.

கிண்ணம் வந்தது. வாலு அதை அம்மா பக்கம் நகர்த்தினாள்.

"முதல்ல நீ சாப்பிடு. நான் பார்க்கறேன்."

அவள் ஒரு கரண்டி எடுத்தாள். மகளின் கண் கரண்டியோடு எழுந்தது, வாய்வரை வந்தது, விழுங்கும்வரை அங்கேயே நின்றது. இரண்டாவது கரண்டி மேஜையில் சிந்தியது. மகள் அதையும் பார்த்தாள். இனிப்பே தெரியவில்லை. மூன்றாவதை எடுக்க முடியாமல் கரண்டியைக் கீழே வைத்தாள். இத்தனை நாள் என் கண் முன்னால் இந்தப் பிள்ளை எப்படித்தான் விழுங்கிற்று என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது.

"இன்னும் உன் பாதி முடியலையே" என்றாள் வாலு.

"போதும்டி."

வாலு கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். கரண்டி முனையால் நடுவில் ஒரு கோடு கிழித்தாள். "இது என் பக்கம். நீ அங்க திரும்பிக்கோ" என்றாள்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பினாள். கண்ணாடியில் மகள் தெரிந்தாள். பார்த்துக்கொண்டே இருந்திருந்தால், கரண்டி கோட்டின் எந்தப் பக்கம் இறங்கப் போகிறது என்பது துல்லியமாகத் தெரிந்திருக்கும்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.